யார், எப்போது தூங்குவது? காட்டுத்தீ அணிக்கு வேலை நேரமும் ஓய்வும் வகுத்தல்

அத்தியாயம் 7

இந்த அத்தியாயம் அணித் தலைவருக்கானது. பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மலையேறுகிறவர் வனவராக இருக்கலாம், வனக்காப்பாளராக இருக்கலாம், ஊர்க்காரர்களில் மூத்த ஒருவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், தீயை எந்தப் பக்கம் மறிப்பது என்று முடிவெடுக்கிறவர்தான் யார் எப்போது தூங்குவது என்பதையும் முடிவெடுக்க வேண்டும். முதல் முடிவை எல்லாத் தலைவர்களும் எடுக்கிறார்கள். இரண்டாவதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறார்கள்.

"முடியலைன்னா சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டு நகர்வது போதாது. களைத்தவருக்குத் தன் களைப்பின் அளவு தெரிவதில்லை. தெரிந்தாலும், பக்கத்தில் தழையால் அடித்துக்கொண்டிருப்பவர் நிறுத்தாதபோது தான் மட்டும் உட்கார யாருக்கும் மனம் வராது. எனவே ஆளைக் கேட்டு ஓய்வு கொடுக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். இந்த அத்தியாயம் முழுவதும் அதைச் செய்யும் முறைதான்.

தர்ட்டிமைல், 2001

2001 ஜூலை 10. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கு. யாரோ அணைக்காமல் விட்டுப்போன முகாம் நெருப்பிலிருந்து பற்றிய தீ; அதன் பெயர் தர்ட்டிமைல். வேறொரு தீக்குப் போக இரவோடு இரவாகக் கிளம்பிய 21 பேர் கொண்ட அணி, இதற்குத் திருப்பிவிடப்பட்டது. காலையில் போய்ச் சேர்ந்தபோது தீ சிறியது. தணல் அவிக்கிற வேலைதான் என்று நினைத்தார்கள். பிற்பகலில் தீ பெரிதாகி, வெளியேறும் ஒரே சாலையை மறித்தது. சாலையின் மறுமுனை மூடிய பள்ளத்தாக்கு. நால்வர் இறந்தார்கள். அவர்களில் இளையவருக்கு வயது 18.

விசாரணையில் பல தவறுகள் எழுதப்பட்டன. அவற்றில் ஒன்று தூக்கமின்மை. முந்தைய இரவில் அந்த அணியினர் சரியாகத் தூங்கவில்லை. வேலைக்கும் ஓய்வுக்குமான விதி அப்போதே ஏட்டில் இருந்தது, ஆனால் பின்பற்றப்படவில்லை. தீ பெரிதானபோது எடுக்க வேண்டிய முடிவுகளை, ஓர் இரவு சரியாகத் தூங்காமல் வந்தவர்கள் எடுக்க வேண்டியதாயிற்று.

இதைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அந்த நாளில் தவறு நடந்த நேரம் பிற்பகல், தவறு தொடங்கிய நேரம் முந்தைய இரவு. ஓய்வுத் திட்டம் தீயிடத்தில் போடுகிற திட்டம் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கையேட்டின் அட்டையில் எழுதி வைக்க வேண்டிய எண்கள்

அமெரிக்கக் காட்டுத்தீ அணிகள் பின்பற்றும் அளவுகள் இவை. நம் மலைகளில் ஆள் குறைவு, வண்டி குறைவு, வெயில் அதிகம். ஆனால் மனித உடம்பு ஒன்றுதான். எனவே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

2-க்கு 1: இரண்டு மணி நேர வேலைக்கு ஒரு மணி நேர ஓய்வு. பயணமும் வேலைக் கணக்கில்தான் வரும். 12 மணி நேரம் உழைத்தால் 6, 14 என்றால் 7, 16 என்றால் 8.

16 மணி நேரம்: ஒரு ஷிப்டின் மேல் எல்லை. இதைத் தாண்டுவது விதிவிலக்காக மட்டுமே இருக்க வேண்டும். தாண்டினால் காரணத்தை எழுதி, மேலதிகாரியின் ஒப்புதல் வாங்க வேண்டும்.

24 மணி நேரம்: எந்த ஷிப்டும் தாண்டக் கூடாத எல்லை.

14 நாள்: ஒரே தீயில் தொடர்ந்து இருக்கக்கூடிய வழக்கமான காலம். அதன்பின் கட்டாய விடுப்பு.

10 மணி நேரம்: ஓட்டுநர் ஒரு பணி நாளில் வண்டி ஓட்டக்கூடிய மொத்த நேரம்.

இவற்றோடு நான் சேர்க்கும் இன்னோர் எண் 17. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைவேகமும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது உள்ளவருடைய அளவுக்குக் குறைந்துவிடுவதாக ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 1997-ல் காட்டியது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் மதுவின் எல்லை 30 மில்லிகிராம்தான். குடித்துவிட்டு வந்தவர் கையில் அரிவாளைக் கொடுத்துச் சரிவில் ஏற்றுவீர்களா? அதிகாலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கு அந்த நிலையில்தான் நிற்கிறார்.

படி 1: தீக்காலம் தொடங்கும் முன்பே அணியை இரண்டாகப் பிரியுங்கள்

1. இருக்கும் ஆள்களை அ, ஆ என்று இரண்டு அணிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் வழி தெரிந்த ஒருவர், வாக்கி டாக்கி பேசத் தெரிந்த ஒருவர், முதலுதவி தெரிந்த ஒருவர் கட்டாயம் இருக்கட்டும்.

2. இரண்டு அணிகளும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே நேரத்தில் தூங்கக் கூடாது. அ அணி காலை 5 மணிக்கு எழுந்தால், ஆ அணி பின்னிரவு 1 மணிக்குப் படுத்துக் காலை 9 மணிக்கு எழட்டும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள், தினமும் மாற்றாதீர்கள்.

3. ஆ அணி காலையில் தூங்கும்போது அவர்களை வேறு வேலைக்கு எழுப்பக் கூடாது. "சும்மாதானே படுத்திருக்காங்க, ரோட்டோரம் சருகு கூட்டிட்டு வரட்டும்" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் சும்மா படுத்திருக்கவில்லை, இரவுக்குத் தயாராகிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

ஆள் பற்றாக்குறையால் இரண்டு அணி முடியாது என்றால், பக்கத்துச் சரகத்தோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். எந்தத் தீக்கு யார் ஆ அணி என்பதை ஜனவரியிலேயே முடிவு செய்வது, மார்ச் மாத இரவில் தொலைபேசியில் கெஞ்சுவதைவிட எளிது.

படி 2: ஒவ்வொருவருக்கும் இரண்டு கடிகாரம்

பெரும்பாலான தலைவர்கள் தீயைத் தொட்ட நேரத்திலிருந்து எண்ணுகிறார்கள். "மாலை அஞ்சு மணிக்குத்தானே வந்தோம், இப்போ பத்துதானே, அஞ்சு மணி நேரம்தான் ஆச்சு." இந்தக் கணக்கில்தான் உயிர் போகிறது. எண்ண வேண்டியவை இரண்டு.

விழிப்புக் கடிகாரம்: தூங்கி எழுந்த நொடியில் தொடங்குகிறது. எல்லை 17 மணி நேரம்.

வேலைக் கடிகாரம்: அன்றைய முதல் வேலையில் தொடங்குகிறது. ரோந்து, கூப்பு வேலை, நாற்றங்கால் வேலை, ஜீப் பயணம், மலையேற்றம் எல்லாம் இதில் அடக்கம். எல்லை 16 மணி நேரம்.

எது முதலில் முடிகிறதோ அதுதான் அவருடைய எல்லை. கிராமத்திலிருந்து உதவிக்கு வருகிறவர்களிடம் கட்டாயம் கேளுங்கள்: "காலைல எத்தனை மணிக்கு எந்திரிச்சீங்க? என்ன வேலைக்குப் போனீங்க?" காலையில் களை பறித்துவிட்டு, மதியம் தேயிலை மூட்டை தூக்கிவிட்டு, மாலையில் தீயணைக்க வந்து நிற்பவர் உங்களுக்குப் புதிய ஆள். அவர் உடம்புக்கு அது மூன்றாவது ஷிப்ட்.

இன்னொரு விஷயம், பலர் மறப்பது: திரும்பும் வழியும் வேலை. மேலே ஏற இரண்டு மணி நேரம் என்றால், 16-ல் அந்த இறக்கத்துக்கும் நேரம் ஒதுக்கிவிட்டுத்தான் மிச்சத்தை எண்ண வேண்டும். எல்லை நேரத்தில் கிளம்பக் கூடாது, எல்லை நேரத்தில் படுத்திருக்க வேண்டும்.

ஒரு மார்ச் நாளின் கணக்கு

சாலையிலிருந்து தள்ளி இருக்கும் மலைச்சரிவு. முகாமிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம், பிறகு நடை இரண்டு மணி நேரம். மதியம் 2 மணிக்குத் தீத்தகவல் வருகிறது. அ அணி காலை 5-க்கு எழுந்து 6-லிருந்து ரோந்தில் இருக்கிறது. ஆ அணி 9-க்கு எழுந்து 10-லிருந்து முகாம் வேலையில் இருக்கிறது.

முதலில் தவறான கணக்கு: அ அணி உடனே கிளம்பி மாலை 5-க்குச் சேர்கிறது. தீ அடங்கும்வரை வேலை. நள்ளிரவு தாண்டியும் அடங்கவில்லை. "ஆ அணியை வரச் சொல்லுங்க" என்று 1 மணிக்கு வாக்கி டாக்கியில் தகவல் போகிறது. ஆ அணி வந்து சேர்வது பின்னிரவு 4 மணிக்கு. அதற்குள் அ அணி 23 மணி நேரம் விழித்திருக்கிறது. பிறகு அதே ஆள்கள் இருட்டில் இரண்டு மணி நேரம் இறங்க வேண்டும்.

சரியான கணக்கு இப்படி.

1. மதியம் 2: அ அணி கிளம்புகிறது. அதே நிமிடம் ஆ அணிக்கும் சொல்லியாகிறது: சாப்பிடுங்கள், கட்டுச்சோறு, படுக்கை எல்லாம் எடுத்து வையுங்கள்.

2. பிற்பகல் 3.30: ஆ அணி கிளம்புகிறது. மாலை 6.30-க்கு, வெளிச்சம் அறவே போகும் முன்பு, மேலே சேர்ந்துவிட வேண்டும். யானைக் காட்டில் இரவு நடை எந்தத் திட்டத்திலும் இருக்கக் கூடாது.

3. மாலை 5: அ அணி தீயிடத்தில். தலைவரின் முதல் வேலை தப்பும் வழியையும் பாதுகாப்பான இடத்தையும் குறிப்பது. இரண்டாவது வேலை படுக்கும் இடம் பார்ப்பது.

4. மாலை 6: அ அணியில் இருவரைப் படுக்க அனுப்புங்கள். பின்னிரவுக் காவல் அவர்களுடையது. இளைஞர்களாக இருந்தால் முனகுவார்கள். அனுப்பிவிடுங்கள்.

5. இரவு 8: ஆ அணி சாப்பிட்டு, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எழுந்து, பொறுப்பை ஏற்கிறது. அ அணி 9 மணிக்குள் படுக்கையில். 14 மணி நேர வேலைக்கு 7 மணி நேர ஓய்வு வேண்டும், விடிகாலை 5 வரை 8 மணி நேரம் கிடைக்கிறது.

6. பின்னிரவு 1: ஆ அணி நிறுத்துகிறது. 15 மணி நேர வேலை முடிந்தது. மாலை படுத்த இருவரும் எழுந்து 1 முதல் 5 வரை தொலைவிலிருந்து தீயைப் பார்க்கிறார்கள். பார்ப்பது மட்டும்தான் அவர்கள் வேலை, அணைப்பதல்ல.

7. காலை 6: அ அணி மீண்டும் தீக்கோட்டில். ஆ அணி 9.30 வரை தூங்குகிறது. காவலில் இருந்த இருவரும் மறுபடி படுக்கிறார்கள்.

இதில் 1 முதல் 5 வரை தீயை யாரும் அடிக்கவில்லை என்பது சிலரை உறுத்தும். அதைப் பற்றித் தனியே பேச வேண்டும்.

பின்னிரவு: தீக்குச் சோர்வு, உடம்புக்கும் சோர்வு

இரவு ஏறஏறக் காற்றில் ஈரம் கூடுகிறது, வெப்பம் இறங்குகிறது, பெரும்பாலான நாள்களில் காற்றும் அடங்குகிறது. தரையோடு தவழும் தீயை அணைக்க அதைவிட நல்ல நேரம் இல்லை என்று அனுபவசாலிகள் சொல்வது உண்மைதான். ஆனால் பின்னிரவு 2 முதல் 6 வரைதான் மனித உடம்பும் அடிமட்டத்துக்குப் போகிறது. கண் திறந்திருக்கும்போதே சில நொடிகள் மூளை தூங்கிவிடும். அந்தச் சில நொடிகளில் சரிவில் ஓர் அடி தவறினால் போதும்.

என் தீர்ப்பு இது: இரவு வேலை வேண்டுமானால் முன்னிரவில் செய்யுங்கள், அல்லது விடியலுக்குப் பின் வெயில் ஏறும் முன்பு செய்யுங்கள். காலை 6 முதல் 10 வரை கிடைக்கும் நான்கு மணி நேரம், தூங்கி எழுந்த ஆள்களின் கையில், பின்னிரவு முழுக்கத் தள்ளாடியவர்களின் வேலையைவிட அதிகம் சாதிக்கும். வீட்டையோ ஊரையோ தீ நெருங்கினால் மட்டும் இதை மீறலாம். அப்போதும் பகலில் தூங்கிய ஆள்களை வைத்துத்தான்.

பகலிலும் ஒரு பள்ளம் உண்டு. பிற்பகல் 2 முதல் 4 வரை உடம்பு மந்தமாகும். காட்டில் அதே நேரத்தில்தான் வெயிலும் காற்றும் உச்சத்தில் இருக்கும். உணவுக்குப் பின் வரும் அந்த இரண்டு மணி நேரத்தில் கண்காணிப்பாளரை மாற்றுங்கள். அதிகம் தூங்கியவரை அங்கே நிறுத்துங்கள்.

ஷிப்டுக்குள் ஓய்வு

இது சிறிய பகுதி, ஆனால் கண்டிப்பாகச் செய்ய வேண்டியது.

1. கடும் வெயிலில் 50 நிமிட வேலைக்கு 10 நிமிடம் நிழல். தழை அடிப்பவருக்கும் அரிவாள் வீசுபவருக்கும் இடையில் வேலையை மாற்றிக் கொடுங்கள்.

2. தண்ணீர் 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். தாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் வேண்டாம். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் உப்பு இறங்கி மயக்கம் வரும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். கரைசல் மூன்றும் நல்லவை.

3. சோறு ஒரே வேளையில் வயிறு முட்ட வேண்டாம். காட்டுத்தீ வேலையில் ஒரு நாளைக்கு 4,000 முதல் 6,000 கலோரி வரை செலவாகிறது. புளிசாதப் பொட்டலத்தோடு கடலைமிட்டாய், வாழைப்பழம், பேரீச்சை என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள்.

4. ஓய்வு என்பது புகைக்கு வெளியே. புகைக்குள் உட்கார்ந்த பத்து நிமிடம் ஓய்வாகாது. தலைவலி வந்தால் கார்பன் மோனாக்சைடு நஞ்சு ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டு அவரைக் காற்று வரும் பக்கம் கொண்டுபோங்கள்.

5. புதிதாக வந்தவருக்கும், நீண்ட விடுப்பு முடிந்து வந்தவருக்கும் வெயில் பழக 7 முதல் 14 நாள் ஆகும். முதல் நாளே தீயின் முகப்பில் நிறுத்தாதீர்கள்.

படுக்கும் இடம்

நன்றாகத் திட்டமிட்ட ஓய்வும் படுத்த இடத்தால் கெட்டுப்போகும். அமெரிக்கத் தீயணைப்பாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் 18 அபாய நிலைகளில் கடைசியானது, தீக்கோட்டின் அருகே கண்ணயர்வது. வேறு பதினேழு அபாயங்களோடு ஒரு குட்டித் தூக்கத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்றால் அது எத்தனை பேருடைய அனுபவமாக இருக்கும் என்று யோசியுங்கள். களைத்தவர் தான் நின்ற இடத்திலேயே சாய்வார். எனவே சாயும் இடத்தை நீங்கள் முன்பே தேர்ந்து, அங்கே கொண்டுபோய் விட வேண்டும்.

பார்க்க வேண்டியவை:

1. தீக்கு மேலே இருக்கும் சரிவு வேண்டாம். தீ ஏறும் திசை அது. தீக்கு நேர் கீழேயும் வேண்டாம். வேர் எரிந்து பிடி விட்ட கல்லும் கட்டையும் இரவெல்லாம் உருண்டு வரும்.

2. பள்ளத்தாக்கின் அடி வேண்டாம். இரவில் குளிர்ந்த காற்றோடு புகை அங்கேதான் இறங்கித் தேங்கும். ஓடை ஓரம் இதமாகத் தெரியும். தீக்கு ஒதுங்கும் விலங்குகளும் அந்த வழியாகத்தான் வரும்.

3. பட்டமரத்தின் கீழ் வேண்டாம். அண்ணாந்து பார்த்துவிட்டுப் பாயை விரியுங்கள். உள்ளே குடைந்து எரியும் மரம் வெளியே பார்க்கப் பச்சையாகவே நிற்கும், விழும்போது சத்தமும் குறைவு. மரத்தின் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்காவது தள்ளியிருங்கள்.

4. யானைத் தடம், நீர்நிலை, உப்பு மண் திட்டு, மூங்கில் புதர் ஆகியவற்றிலிருந்து விலகுங்கள். குகையிலும் பாறை இடுக்கிலும் கரடி இருக்கிறதா என்று பார்க்காமல் நுழையாதீர்கள். இந்த விஷயத்தில் அந்தக் காட்டில் பிறந்து வளர்ந்த பழங்குடிக் காவலரின் சொல்லே இறுதி. அவர் "இங்க வேண்டாம் சார்" என்றால் காரணம் கேட்காமல் மூட்டையைத் தூக்குங்கள்.

5. வண்டி நிற்கும் இடமோ வண்டித் தடமோ வேண்டாம். பின்னால் எடுக்கும் ஜீப்புக்குத் தரையில் போர்வைக்குள் இருப்பவர் தெரியமாட்டார்.

6. அகன்ற வெறும் பாறை நல்ல இடம். முழுவதும் எரிந்து ஆறிய கரிநிலமும் நல்ல இடம்தான், பட்டமரமும் சாம்பல் மூடிய வேர்க்குழியும் இல்லையென்றால்.

7. பெண்கள் இருந்தால் அவர்களுக்கு மறைவான, ஆனால் தனித்துப்போகாத இடம். தலைவர் தானே பார்த்து ஒதுக்க வேண்டும், கேட்கட்டும் என்று இருக்கக் கூடாது.

படுத்தபின் செருப்பையோ பூட்ஸையோ கழற்றட்டும், ஈரக் காலுறையை மாற்றட்டும், ஆனால் காலணியும் டார்ச்சும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தப்பும் வழியை இருட்டில் ஒருமுறை நடந்து காட்டிவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள்.

குறிப்பு: நீண்ட தூக்கத்துக்கு வழியே இல்லாதபோது 20 நிமிடக் குட்டித் தூக்கம் உதவும். ஆனால் அது இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. விழிப்புக் கடிகாரத்தை அதனால் சுழியத்துக்குத் திருப்ப முடியாது. எழுந்த எவருக்கும் முதல் 15–30 நிமிடம் மந்தம் இருக்கும். அந்த நேரத்தில் கையில் அரிவாளோ வண்டிச் சாவியோ கொடுக்காதீர்கள்.

குறிப்பு: படுப்பதற்கு ஐந்தாறு மணி நேரம் முன்பே டீ, காப்பியை நிறுத்துங்கள். மது தூக்கம் தரும் என்பது பொய். அது தூக்கத்தைத் துண்டு துண்டாக்கும், உடம்பின் தண்ணீரையும் உறிஞ்சும்.

பொறுப்பை மாற்றிக் கொடுத்தல்

வந்த அணி தீயைப் பார்க்கும் முன்பு போகிற அணி கிளம்பிவிடக் கூடாது. பதினைந்து நிமிடம் இரு தலைவர்களும் சேர்ந்து கோட்டில் நடக்க வேண்டும். சொல்ல வேண்டியவை நான்கு: தீ எங்கே இருக்கிறது, காற்று எப்படி மாறியது, தப்பும் வழியும் பாதுகாப்பிடமும் எங்கே, விழக் காத்திருக்கும் மரங்கள் எவை. எழுதிக் கொடுங்கள். களைத்த மூளை பாதியை மறந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் அந்தப் பழைய குரல் வரும். "சார், இன்னும் ஒரு அரை மணி நேரம்தான், முடிச்சிட்டே போயிடலாம்." ஒருமுறை நான் இதற்கு இணங்கினேன். அந்த அரை மணி நேரத்தின் கடைசியில், எல்லாம் அணைந்த கரிநிலத்தில், இருபது வருட அனுபவம் உள்ள தீக்காவலர் ஒருவர் சாம்பல் மூடிய வேர்க்குழியில் முழங்கால்வரை இறங்கினார். காலையில் அதே குழியை அவரே எங்களுக்குக் காட்டியிருந்தார். கால் ஆற மூன்று மாதம் ஆயிற்று. அவர் கவனக்குறைவானவர் அல்ல. நான் அவரை இறக்கியிருக்க வேண்டிய நேரம் தாண்டியிருந்தது.

ஓட்டுநர்

காட்டுத்தீ வேலையில் ஆள் இறப்பது தீயால் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கக் கணக்குகளில் மாரடைப்பும் வாகன விபத்தும் தீயோடு சேர்ந்து முன்வரிசையில் நிற்கின்றன. கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் அணியைத் தூங்கவிட்டு ஓட்டுகிறவர் மட்டும் விழித்திருக்கும் அந்தப் பின்னிரவுப் பயணம், தீக்கோட்டில் நிற்பதற்குக் குறையாத ஆபத்து.

1. ஓட்டுநரைத் தீயணைக்க மேலே அழைத்துப் போகாதீர்கள். கீழே இருந்து தூங்குவதுதான் அவர் வேலை. இதை அவரிடமும் மற்றவர்களிடமும் சத்தமாகச் சொல்லுங்கள், இல்லையென்றால் சங்கடப்பட்டுக்கொண்டு அவரும் ஏறிவிடுவார்.

2. அவருக்கும் இரண்டு கடிகாரம் உண்டு. 17 தாண்டினால் சாவியை வாங்கிக்கொள்ளுங்கள்.

3. முன்இருக்கையில் பேசிக்கொண்டு வர விழிப்பாக இருக்கும் ஒருவர் வேண்டும். அப்படி ஒருவரும் இல்லை என்றால் அந்த வண்டி கிளம்பக் கூடாது. ஓரமாக நிறுத்தி எல்லோரும் தூங்குங்கள். வீடு காலையில் போகலாம்.

உடனே கீழே இறக்க வேண்டிய அறிகுறிகள்

கடிகாரம் எல்லையைக் காட்டாவிட்டாலும் இவற்றில் ஒன்று தெரிந்தால் ஆளை நிறுத்துங்கள்: வாக்கி டாக்கியில் கூப்பிட்டதற்கு இரண்டாவது முறையும் பதில் இல்லை, தட்டையான இடத்தில் தடுக்குகிறார், வழக்கமாகப் பேசுகிறவர் மௌனமாகிவிட்டார், மௌனமானவர் எரிந்து விழுகிறார், ஒரே சுள்ளியைத் திரும்பத் திரும்ப அடிக்கிறார், தீயையே வெறிக்கிறார்.

சந்தேகம் இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? நீங்கள் ஓட வேண்டிய வழி எது? உங்கள் இடப்பக்கம் நிற்பது யார்? யோசித்துச் சொன்னால்கூட அவர் இறங்க வேண்டியவர்தான்.

நெஞ்சுவலி, வியர்வை நின்றுபோதல், பிதற்றல், டீத்தூள் நிறத்தில் சிறுநீர் ஆகியவை களைப்பல்ல, மருத்துவ அவசரம். ஓய்வு கொடுத்துப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

மேலே சொன்ன மூன்று கேள்விகளை உங்களிடம் கேட்கவும் ஒருவரை நியமியுங்கள். அணியிலேயே அதிகம் விழித்திருப்பவர் பெரும்பாலும் தலைவர்தான். "நான் தூங்கிட்டா யார் பாக்குறது?" என்பது பொறுப்பாகத் தோன்றும். துணைத் தலைவரை வைத்துக்கொள்ளாத குறைதான் அது.

பல நாள் நீடிக்கும் தீ

தூக்கக் கடன் சேரும். தினமும் ஐந்து மணி நேரம் தூங்கி வருகிறவர் ஐந்தாம் நாளில் தான் பழகிவிட்டதாக உணர்வார். அவர் கையும் கண்ணும் அப்படிச் சொல்லாது. மூன்றாம் நாளிலிருந்து ஷிப்டை 12 மணி நேரத்துக்குக் குறையுங்கள். வாரத்துக்கு ஒரு முழு நாள் தீயின் வாசனையே வராத இடத்துக்கு அனுப்புங்கள். 14-ம் நாளுக்கு மேல் யாரையும் வைத்திருக்காதீர்கள்.

இங்கே ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. தீக்காவலரில் பலர் நாள்கூலிக்காரர்கள். வேலை இல்லாத நாளுக்குக் கூலி இல்லை என்றால், ஓய்வு நாளைக் கொடுப்பது அவர் வீட்டு அடுப்பை அணைப்பது போலாகும். அவர் ஓய்வை மறுப்பார், மறுப்பது நியாயமும்கூட. எனவே ஓய்வு நாளையும் வேலை நாளாக எழுதிக் கூலி வாங்கித் தருவதற்கு, தீக்காலத்துக்கு முன்பே எழுத்து மூலம் ஒப்புதல் கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் அந்த நாளில் முகாமில் அமர்ந்து செய்யும் லேசான வேலையை ஒதுக்குங்கள்: கருவி தீட்டுதல், தொலைபேசி கேட்டல், சமையலுக்கு உதவுதல். அன்று இரவு முழுத் தூக்கம் அவருக்கு உறுதி.

குறிப்பேடு

ஒரு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. கட்டங்கள் ஆறு: பெயர், எழுந்த நேரம், முதல் வேலை தொடங்கிய நேரம், 16 முடியும் நேரம், விடுவித்த நேரம், தூங்கிய மணி. நான்காவது கட்டத்தை மலையேறும் முன்பே நிரப்பிவிடுங்கள். மேலே போனபின் கூட்டிக் கழிக்க மூளை ஒத்துழைக்காது. 16-ஐத் தாண்ட நேர்ந்தால் ஏன் தாண்டியது, யார் அனுமதித்தது என்று அதே வரியில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மறுநாள் காலை அணியை அனுப்பும் முன்பு கடைசிக் கட்டத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள். ஆறுக்குக் குறைவாக எழுதியிருக்கும் பெயர்கள் அன்று கீழ் முகாமில் இருக்கட்டும்.